அறுபது லிட்டர் தொட்டிக்கு எத்தனை கிலோ லைவ் ராக்?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அறுபது லிட்டர் அளவுள்ள சின்ன கடல்நீர்த் தொட்டிக்கு ஐந்து அல்லது ஆறு கிலோ லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளக் கல்) போதும். ஆனால் கல் கையில் எடுத்தால் பார்வைக்குத் தெரிவதைவிட லேசாக இருக்க வேண்டும், உள்ளே துளைத்துளையாக இருக்க வேண்டும். கெட்டிக் கல்லாக இருந்தால் பத்து கிலோ போட்டாலும் இந்த ஆறு கிலோ செய்கிற வேலையைச் செய்யாது. இதைக் கேட்டதும் புரிந்துகொண்டு கடைக்குக் கிளம்புகிறவர்கள் கிளம்பலாம். ஏன் என்று கேட்பவர்களுக்காக மீதியை எழுதுகிறேன்.

பஹ்ரைனில், ஈசா டவுனில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு தம்பி இருக்கிறான். திருச்செந்தூர்ப் பக்கம். மகள் இங்கே இந்தியன் ஸ்கூலில் படிக்கிறாள், அவளுக்கு 'நீமோ' மீன் வேண்டுமாம். தொட்டி, பம்பு, விளக்கு எல்லாம் வாங்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, ஒருத்தரு ஏழு கிலோங்காரு, இன்னொருத்தரு பதினாலுங்காரு. கடைக்காரரு பத்து எடுத்துக்கோங்காரு. நான் யாரு பேச்ச கேக்க?"

ஏழு, பதினாலு என்ற இரண்டு எண்களுமே ஒரே விதியிலிருந்து வந்தவைதான். ஒரு அமெரிக்க கேலன் தண்ணீருக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு கல் என்பது அமெரிக்கர்கள் வைத்த பழைய கணக்கு. நம் அளவில் மாற்றினால் லிட்டருக்கு 120 முதல் 240 கிராம் வருகிறது. அறுபது லிட்டருக்குப் பெருக்கினால் ஏழும் பதினாலும். கடைக்காரர் நடுவில் ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியும். கடல் மீன்களை வீட்டில் உயிரோடு வைத்திருப்பது ரொம்ப காலம் யாருக்கும் சரியாகக் கைவரவில்லை. கண்ணாடித் தொட்டியில் வெள்ளை வெளேரென்று கழுவிய பவள எலும்புகளை அழகுக்கு அடுக்குவார்கள், மீன் செத்துப் போகும். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் வேறு மாதிரி செய்தார். கடலிலிருந்து உயிருள்ள பவளத்தையும் பாறையையும் மணலையும் அப்படியே கொண்டுவந்து போட்டு, காற்றுக் குமிழும் வெயிலும் மட்டும் கொடுத்தார். தனி வடிகட்டி எதுவும் இல்லை. 1961இல் 'டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' இதழில் அதைப் பற்றி எழுதினார். பிறகு ஜெர்மனியில் பெர்லின் முறை என்று பெயர் பெற்ற வழி உருவானது: நிறைய லைவ் ராக், கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஒரு புரோட்டீன் ஸ்கிம்மர், பலமான விளக்கு. அந்த முறையில் தொட்டிக்குள் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இடம் பாறை மட்டும்தான். அதனால் பாறையை அள்ளிக் குவிக்க வேண்டியிருந்தது. தொட்டிகளும் பெரியவை. ஐந்நூறு, ஆயிரம் லிட்டர் தொட்டிக்குப் பிறந்த விதியை அறுபது லிட்டருக்கு அப்படியே இறக்குவதில்தான் சிக்கல் வருகிறது.

பாறை என்ன செய்கிறது என்று பார்ப்போம். மீன் விடும் கழிவும், தின்னாமல் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அம்மோனியா ஆகின்றன. கடல்நீரின் பிஎச் 8.2 அளவில், வெதுவெதுப்பான தண்ணீரில், அம்மோனியாவின் விஷம் இன்னும் கூடுதல். பாறையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இரண்டுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும், அதனால் அவை நீரோட்டம் படும் இடத்தில் வாழும். நைட்ரேட் அவ்வளவு விஷமில்லை, ஆனாலும் சேர்ந்துகொண்டே போனால் பாசி மண்டும். பாறையின் ஆழத்தில், ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும் இடுக்குகளில், வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும். மேற்பரப்பு, உள்துளை, இந்த இரண்டும் சேர்ந்ததுதான் லைவ் ராக்கின் மதிப்பு. எடை இதற்குள் எங்கேயும் வரவில்லை பாருங்கள். கடையில் கிலோக் கணக்கில் விற்பதால் நாமும் கிலோவில் யோசிக்கிறோம்.

கல் நல்லதா என்று பார்க்க நான் அந்தத் தம்பிக்கு ஒரு வாளி வைத்துக் காட்டினேன். காய்ந்த கல் இரண்டை எடுத்துக்கொண்டோம், இரண்டும் பார்வைக்கு ஒரே பருமன். ஒன்று கையில் நல்ல கனம், விரலால் தட்டினால் ஓடு மாதிரி கணீரென்றது. மற்றது லேசு, தட்டினால் மந்தமான சத்தம். கனமானதை உப்புத்தண்ணீர் வாளிக்குள் இறக்கினோம். நாலைந்து குமிழ் வந்து நின்றுவிட்டது. லேசானதை இறக்கியதும் நாலா பக்கமும் பொடிப் பொடியாகக் குமிழ் கிளம்பியது. அது சரசரவென்று மேலே வருவதும், கல்லைக் கொஞ்சம் திருப்பினால் அடுத்த பக்கத்திலிருந்து புதுசாகக் கிளம்புவதுமாக வெகுநேரம் நிற்கவில்லை. தம்பியின் மகள் வாளியை விட்டு நகரவே இல்லை. வெளியே வருகிற காற்று இருந்த இடமெல்லாம் நாளைக்கு நுண்ணுயிர் குடியேறப்போகும் இடம். ஓரத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி போலக் கண் கண்ணாக இருந்தது. இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, மேலே வழியும் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

இனி இடக் கணக்கு. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் கொண்ட தொட்டியின் முழுக் கொள்ளளவு சுமார் 65 லிட்டர். அடியில் மூன்று செ.மீ. மணல், மேலே மூன்று செ.மீ. காலி விட்டால் கிட்டத்தட்ட 54 லிட்டர் மிஞ்சும். அதில் பதினாலு கிலோ கெட்டிக் கல்லை அடுக்கினால் கல் மட்டுமே ஐந்து ஆறு லிட்டர் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்துகளையும் சேர்த்தால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மீன் நீந்த இடம் எங்கே? கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டக் கை எப்படிப் போகும்? சின்னத் தொட்டியில் தண்ணீர்தான் பாதுகாப்பு. தண்ணீர் எவ்வளவு அதிகமோ, உப்பும் சூடும் அம்மோனியாவும் அவ்வளவு மெதுவாக மாறும். அந்தத் தண்ணீரை விற்றுக் கல்லை வாங்கக் கூடாது.

இத்தனைக்கும் அந்தத் தொட்டிக்குள் என்ன போகப் போகிறது? இரண்டு க்ளவுன் மீன் (அந்த 'நீமோ' இதுதான்), ஒரு சின்ன கோபி மீன், இரண்டு மூன்று நத்தை, ஒரு இறால். அதற்கு மேல் விடக் கூடாது. இவை போடும் கழிவைச் சமாளிக்க ஐந்து கிலோ துளைக் கல்லும், மூன்று செ.மீ. மணலும் தாராளம். மணலிலும் அதே நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போதாது என்று தோன்றினால் தொட்டியின் பின்னறையிலோ, தொங்கவிடும் ஃபில்டரிலோ துளையுள்ள பீங்கான் உருண்டைகளை ஒரு பை போடலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவை வேலை செய்யும், மீனின் இடத்தைப் பிடுங்காது.

உயிருள்ள கல்லா, காய்ந்த கல்லா என்பது அடுத்த கேள்வி. என் விருப்பம் இரண்டும் கலந்தது: நாலரை, ஐந்து கிலோ காய்ந்த கல், அதோடு ஒரு கிலோவுக்குள் உயிருள்ள கல். உயிருள்ள கல் கப்பலிலோ விமானத்திலோ ஈரக் காகிதத்தில் சுற்றி வரும். வழியில் அதன் மேலிருக்கும் பஞ்சுயிரிகள், புழுக்கள், சின்னச் சின்ன சிப்பிகள் பாதி செத்துப்போகும். அப்படியே தொட்டியில் போட்டால் அம்மோனியா எகிறும். தனி டப்பாவில் உப்புத்தண்ணீர், ஒரு பம்பு வைத்து, வெளிச்சம் காட்டாமல், அழுகியதைப் பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து எடுத்து, தண்ணீரை மாற்றி மாற்றி சில வாரம் வைக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் போய்க் கடல் வாசம் வர வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்ட வேண்டும். அதற்கு முன் மீனைப் பற்றி யோசிக்கவே கூடாது. சாமான்யமாக எல்லோரும் பயப்படும் ஏப்டேசியா என்ற கொட்டும் அனிமோனும், மான்டிஸ் இறாலும் இந்தக் கல்லில்தான் ஒளிந்து வரும்.

காய்ந்த கல்லில் இந்தத் தொல்லை இல்லை. விலையும் குறைவு. ஆனால் அது வெறும் வீடு, குடியிருப்பவர்கள் வர வேண்டும். புட்டியில் வரும் பாக்டீரியாவும் கொஞ்சம் அம்மோனியா உப்பும் போட்டுப் பழக்கினால் நைட்ரஜன் வேலை நடக்கத் தொடங்கிவிடும். இருந்தாலும் முதல் சில மாதம் பழுப்புப் பாசி, பிறகு பச்சை முடிப் பாசி என்று ஒன்று மாற்றி ஒன்று வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் அந்த ஒரு கிலோ உயிருள்ள கல் உதவுகிறது. நல்ல நிலையில் பல வருஷமாக ஓடும் நண்பரின் தொட்டியிலிருந்து கைப்பிடி அளவு ஒரு துண்டு கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஊதாவும் இளஞ்சிவப்புமாக கோரலைன் பாசி படிந்த கல் என்றால் கேட்கவே வேண்டாம். அதிலிருந்து மற்றக் கல்லுக்கெல்லாம் பரவிவிடும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தம்பி கேட்டதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

"அண்ணாச்சி, அடுத்த மாசம் ஊருக்குப் போறேன்லா. நம்ம கடக்கரைல கெடக்க கல்லு ரெண்டு மூணு பையில போட்டு எடுத்துட்டு வந்துரட்டா? காசும் மிச்சம்."

"வேண்டாம்பா. கையால தொடக்கூடச் செய்யாதே."

நான் தூத்துக்குடிக்காரன். பவளக் கல் எங்கள் ஊரில் என்ன பாடு பட்டது என்று தெரிந்தவன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை வரிசையாக 21 தீவுகள். எல்லாவற்றையும் சுற்றிப் பவளப்பாறை. பல பத்தாண்டுகள் அந்தப் பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் கொண்டுபோனார்கள். தீவைக் காத்துக்கொண்டிருந்த அணையை உடைத்தது போல ஆனது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லித் தீவும், கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவும் கடலுக்குள் முங்கிவிட்டன. வான் தீவு கரைந்து கரைந்து சிறுத்துப்போக, அதைக் காப்பாற்றக் கடலுக்குள் கான்கிரீட்டில் செயற்கைப் பார்களை (பாறைத் திட்டுகளை) இறக்கினார்கள். இன்று அந்தக் கான்கிரீட்டில் மீன் அடைகிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் உடைந்த பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டாக ஆட்கள் முங்கி நடுகிறார்கள். அங்கிருந்து மூன்று கல் பையில் போட்டுக் கொண்டுவர எனக்கு மனசு வராது, வேறு யாரும் கொண்டுவருவதையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மனசை விடுங்கள், சட்டம் இருக்கிறது. இந்தப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001இல் பாறை கட்டும் பவள இனங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலி இருக்கும் அதே அட்டவணை. செத்த பவளம், கரையில் ஒதுங்கிய துண்டு என்ற சமாதானம் செல்லாது. ஜெயில் வரை போகும். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னால் குடும்பத்தோடு நிற்க வேண்டியதுதான். நாட்டுக்கு நாடு கல் போவதற்கும் தனி விதி உண்டு. கல்பவளங்கள், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, லைவ் ராக்கும் அதில் அடக்கம், ஏற்றுமதி அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 2018இல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. அதனால் கடையில் உயிருள்ள கல் வாங்கும்போது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் காய்ந்த கல்லை மட்டும் வாங்குங்கள்.

சரி, ஊர்க் கல் வேண்டாம், பஹ்ரைன் கடலில் கிடக்கும் கல்லை எடுக்கலாமே என்றால் அதுவும் வேண்டாம். இங்கேயும் அதே கதை நடந்திருக்கிறது. முஹர்ரக்கில் முத்துக்குளிப்புப் பாதையில் நடந்து பாருங்கள், 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்தப் பழைய வியாபாரிகளின் வீடுகள் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லால் கட்டியவை. சுவர்ப் பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லின் கண்கள் தெரியும். அந்தக் காலத்தில் இந்தத் தீவில் கட்டடத்துக்கு வேறு கல் சுலபமில்லை, அது அவர்கள் தேவை. ஆனால் நம் காலத்தில் ஃபஷ்த் அல் அத்ம் போன்ற பெரிய பார்கள் மணல் தோண்டுவதாலும் கடலைத் தூர்ப்பதாலும் சேறு படிந்து மூச்சுத் திணறின. போதாததற்கு 1996லும் 1998லும் கடல் கொதித்து பவளம் வெளுத்து, பெரும்பகுதி செத்துவிட்டது. மிஞ்சியிருப்பதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை.

தொழில்நுட்ப ரீதியாகவும் அந்தக் கல் நமக்கு ஒத்துவராது. உலகப் பெருங்கடல்களில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. வளைகுடாவில் வெயில் குடிப்பதும் மழை இல்லாததுமாகச் சேர்ந்து பஹ்ரைனைச் சுற்றி 40ஐத் தாண்டிவிடும். அந்த உப்பில் பழகிய உயிர்களை 35 பங்குள்ள தொட்டியில் இறக்கினால் பாதி செத்து அம்மோனியாவாகும். கடல்நீரையே கேனில் பிடித்துவந்து ஊற்றுகிறவர்களும் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் ஊற்றக் கூடாது. 44 காட்டினால் ஒவ்வொரு லிட்டருக்கும் கால் லிட்டர் ஆர்ஓ தண்ணீர் சேர்த்தால்தான் 35க்கு வரும். அதைவிட உப்புப் பொடி வாங்கி ஆர்ஓ தண்ணீரில் கரைத்துக்கொள்வதே நிம்மதி.

அடுக்கும் விதம் பற்றிக் கொஞ்சம். மணல் போடுவதற்கு முன்பே கல்லை அடிக்கண்ணாடி மேல் உட்கார வையுங்கள். மணல் மேல் வைத்தால் கோபியும் பிஸ்டல் இறாலும் அடியில் தோண்டிக் கல் சரியும், கண்ணாடி விரியும். பின்சுவரோடு ஒட்டி மதில் கட்டாதீர்கள். அந்த மதிலுக்குப் பின்னால் நீரோட்டம் போகாது, கழிவு தேங்கும், பின்னாளில் வரும் நைட்ரேட் பிரச்சினைக்கெல்லாம் அதுதான் ஊற்று. நான் சொல்வது இரண்டு சின்னக் குவியல், ஒன்று பெரிது ஒன்று சிறிது, நடுவில் மணல் வெளி, சுற்றிலும் கண்ணாடிக்கும் கல்லுக்கும் ஒரு கை நுழையும் இடைவெளி. குவியலுக்குள் மீன் ராத்திரி தங்க ஒரு குகை, குகைக்கு இரண்டு வாசல். சூப்பர் குளூ ஜெல்லும் எபாக்ஸி களிமண்ணும் கொண்டு ஒட்டிவிட்டால் ஆடாது. ஆறு கிலோவில் இது அழகாக வரும். தம்பி ஒரு கல்லைக் குறுக்கே வைத்து வளைவு கட்டினான். அதன் அடியில் கையை விட்டுப் பார்த்து அவன் மகள்தான் "இங்க நீமோ தூங்கும்" என்று இடம் குறித்தாள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்குக் கல்லைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. குடும்பத்தோடு ஊருக்குப் போவோம். வெளியே 45 டிகிரி. வீட்டில் ஏசி நின்றால் தொட்டித் தண்ணீர் சில மணி நேரத்தில் 30ஐத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். மீன் மட்டுமல்ல, கல்லிலுள்ள நுண்ணுயிரும் புழுவும் பஞ்சுயிரியும் அதே ஆக்ஸிஜனைத்தான் சுவாசிக்கின்றன. கல் நிறைய இருந்து தண்ணீர் குறைவாக இருந்தால் முதலில் மூச்சுத் திணறுவது மீன். கல்லிலுள்ளவை சாகத் தொடங்கினால் அம்மோனியா, அதற்குப் பின் எதையும் காப்பாற்ற முடியாது. ஆகவே ஏசியை 25இல் ஓடவிட்டுப் போங்கள், தொட்டிமேல் ஒரு சின்ன விசிறி வையுங்கள், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றையும் வாங்கி வையுங்கள்.

விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். 50 லிட்டரில் 5 லிட்டர் குறைந்தால் 35 என்ற உப்பு 39ஐத் தொட்டுவிடும். சாவியை வாங்கிக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடம் "கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அவர் நல்ல மனசோடு உப்புத்தண்ணீரையே ஊற்றிவிடலாம். கண்ணாடியில் தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்துக்கு மார்க்கரால் கோடு போடுங்கள். ஆர்ஓ தண்ணீரை ஒரு கேனில் பிடித்து 'இது மட்டும்' என்று தமிழிலோ மலையாளத்திலோ அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதி ஒட்டுங்கள். உப்புத்தண்ணீர் கேனைப் பூட்டிய அலமாரிக்குள் வையுங்கள். தீனியை ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள், ஒரு வேளை விட்டுப்போனாலும் பரவாயில்லை, இரண்டு பொட்டலத்தைச் சேர்த்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தம்பி இந்த விடுமுறைக்கு முன் மீன் வாங்கவில்லை. கல் மட்டும் தொட்டியில் பழகிக்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து திரும்பியதும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பார்த்துவிட்டு, முதலில் ஒரு க்ளவுன் மீனை மட்டும் விடச் சொல்லியிருக்கிறேன். அது நன்றாகத் தின்று, டெஸ்ட் கிட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் அடுத்த மாதம் இரண்டாவது, அதைவிடச் சின்னதாகப் பார்த்து.